குரங்குக் கோடு

செல்வராணியின் மகளுக்கு முப்பத்தொன்று வந்தது. கோடு முப்பத்தெட்டில் இருந்தது.

அளவீட்டு அறையின் தரை முழுக்க ரப்பர் விரிப்பு. அதன்மேல் கரண்டி, தலையணை, பந்து, பொம்மை, சின்ன வாளி என்று இருபது சாமான்கள். இரண்டு வயது நிறைந்த எந்தக் குழந்தையும் அங்கே வந்தாக வேண்டும். நூறு வாக்கியங்கள் சொல்வார்கள். 'கரண்டியை எடுத்துத் தலையணைக்கு அடியில வை.' 'பொம்மைக்குத் தண்ணி குடு.' சொன்னதைச் சரியாகச் செய்தால் ஒரு மதிப்பெண். இயந்திரம் எங்கள் பிள்ளைகளை அளக்கக் கூடாது என்று தாய்மார்கள் சாலை மறியல் செய்ததால், மதிப்பெண் போடுகிற வேலை மட்டும் மனிதர் கையில் விடப்பட்டிருந்தது. மதுரை கிழக்கு மையத்தில் அந்தக் கை கோதையுடையது. ஒன்பது வருடங்களாக அவள்தான் அலுவலர்.

"மேடம், இவ பேசுவா" என்றாள் செல்வராணி. மேலூருக்கு அந்தப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். "நீங்க கேக்குறதுக்குப் பேசமாட்டா, அம்புட்டுதேன். வீட்டுல அவ அக்காகூட இருக்கப்பப் பாக்கணும். தண்ணி வேணும்னா அக்கா கையப் புடிச்சு இழுத்துக் கொடத்துமேல வப்பா. வெளிய போணும்னா அக்கா செருப்பக் கொண்டாந்து காலுகிட்டப் போடுவா."

"அக்கா சாமான எடுத்துத் தர்றதுக்கு மார்க் இல்லீங்க. சொன்னது இவளுக்குப் புரியுதான்னுதான் பாக்குறோம்."

குழந்தை இதற்குள் கோதையின் முழங்காலை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மூடியிருந்த கதவைப் பார்த்தது. மறுபடி தட்டியது. கோதை படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஊமப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீங்க மேடம். ஒங்க கால்ல விழுறேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. அதுக்குப் பேரு தனிப் பிரிவு."

"பேரு என்னவோ இருக்கட்டும். எட்டு வயசு வரைக்கும் ஒரு எழுத்துச் சொல்லித் தரமாட்டாங்கள்ல? குரங்கவிடக் கீழன்னு எழுதுன சீட்ட நான் எப்படி அவ அப்பன்கிட்ட நீட்டுவேன்?"

கோதை கடிந்து பேசுகிறவள் அல்ல. ஆனாலும் முத்திரை குத்தித்தான் கொடுத்தாள். கோடு கோடுதான்.

அந்தக் கோட்டுக்கும் அவளுக்கும் இருந்த உறவு ஊருக்கே தெரியும். நாற்பது வருடங்களுக்கு முன், நாகமலை அடிவாரத்தில் ஒரு வீட்டில், உளவியல் பேராசிரியர் ஆதிமூலம் தன் ஒரே மகளையும் பவளம் என்ற சிம்பன்சிக் குட்டியையும் ஒன்றாக வளர்த்தார். ஒரே மாதிரி கவுன், ஒரே பாயில் தூக்கம். இரண்டு வயது நிறைந்த அன்று இருவருக்கும் அதே நூறு வாக்கியத் தேர்வு. மகள் அறுபத்தொன்று எடுத்தாள், குட்டி முப்பத்தெட்டோடு நின்றுவிட்டது. ஆதிமூலம் அறிக்கையைப் பிற்காலத்தில் கையில் எடுத்த ஒரு நிபுணர் குழு, குரங்கு எட்டிய உயரத்தைக்கூட எட்டாத பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது வீண் என்று முடிவு கட்டியது. அது சட்டமாகவும் ஆனது. அந்த மகள்தான் கோதை. அறுபத்தொன்றை எட்டுகிற குழந்தைகள் அபூர்வம். ஒவ்வொரு முறையும் படிவத்தை மூடும்போது, உள்ளுக்குள் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை வந்து போகும்.

அன்று மதியம் பல்கலைக்கழக ஆய்வாளர் ஷமீலா வரச்சொல்லியிருந்தாள். அங்கே ஆதிமூலம் ஆய்வின் நாற்பதாவது ஆண்டு விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கோதையின் அம்மா இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்த வீடியோ கேசட்டுகளை ஒரு மாதம் முன்புதான் கொடுத்திருந்தாள். ஷமீலாவின் குழு அவற்றைக் கணினிக்கு மாற்றியிருந்தது.

"விழாவுக்கு முன்னாடி நீங்க பாத்துரணும் மேடம்" என்றாள் ஷமீலா. போனிலேயே அவள் குரல் சரியில்லை. நேரில் இன்னும் மோசம். நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அவள் உட்காராமலே நின்றாள்.

"என்ன, கேசட் பூசணம் புடிச்சிருச்சா?"

"இல்ல. நல்லாவே இருக்கு." அவள் விசைப்பலகையில் விரலை வைத்தாள். "எங்க சைகை வாசிப்பான் பத்திச் சொல்லியிருக்கேன்ல? காட்டுல சிம்பன்சிங்க கையால, தலையால, உடம்பால அம்பது அறுபது விஷயம் சொல்லிக்குதுங்க. தூக்கிக்கோ, நிறுத்து, அதக் குடு, நகரு, கூட வா. இன்னும் பேச்சு வராத நம்ம குழந்தைங்க பண்ற சைகைல முக்காவாசி அதேதான். ரெண்டையும் கலந்துபோட்டு மெஷினுக்குக் கத்துக்குடுத்தோம். இது குரங்கு, இது புள்ளன்னு அதுக்குத் தெரியாது. சைகையப் பாக்கும், அர்த்தத்தக் கீழ எழுதும்."

திரையில் சிவப்புத் தரை தெரிந்தது. பூப்போட்ட கவுனில் இரண்டு உருவங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்குக் கறுப்புக் கை, இன்னொன்றுக்கு மாநிறக் கை. பவளம் தன் தோளைக் காட்டியது. கீழே எழுத்து ஓடியது: இங்கே சொரி. குட்டிக் கோதை சொரிந்தாள். பவளம் நகராமல் இருந்தது: இன்னும். கோதை அதன் கையைத் தள்ளிவிட்டாள்: போதும். நீ எனக்கு.

கோதைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அய்யோ, என்னமா அதிகாரம் பண்றேன் பாருங்க!"

ஷமீலா சிரிக்கவில்லை. அடுத்த துண்டைப் போட்டாள். அம்மாவின் இளமைக் குரல் கேட்டது: "கோதை, பந்த எடுத்துட்டு வா." குட்டிக் கோதை பந்தைப் பார்க்கவேயில்லை. பவளத்தின் முழங்கையைத் தொட்டாள். கீழே வந்தது: நீ எடு. பவளம் தத்தித் தத்திப் போய்ப் பந்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தது: இந்தா. அவள் அதைத் தூக்கிக் காட்டினாள். "வெரி குட்!" என்றது அப்பாவின் குரல்.

"ஒரே நாள்ல ரெண்டு பேரும் நானூத்திச் சொச்சம் தடவ பேசியிருக்கீங்க. உங்க அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் நீங்க சொன்னது மொத்தமே பதினொண்ணு" என்றாள் ஷமீலா. "இதுவரைக்கும் எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. கடைசித் தேர்வுக் கேசட்டப் போட்டதும்தான்..."

கடைசி நாள் தேர்வில் இருவரையும் தனித்தனியே அறைக்குள் விட்டிருந்தார்கள். முதலில் பவளம். அப்பா வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பவளம் கரண்டியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தது. பொம்மைக்குத் தண்ணீர் காட்டியது. தப்பும் செய்தது, பாதியில் தலைகீழாகத் தொங்கவும் செய்தது. அப்பா 'சரி' என்ற ஒவ்வொன்றையும் மெஷின் எண்ண, திரை மூலையில் எண் ஏறிக்கொண்டே போய் அறுபத்தொன்றில் நின்றது.

பிறகு குழந்தை. அப்பா "கரண்டி எடு கண்ணு" என்றார். குழந்தை கதவருகே போய் நின்றது. உள்ளங்கையால் கதவைத் தட்டியது. திற. அப்பா மறுபடி சொன்னார். குழந்தை கதவின் அடி இடுக்கில் விரலை விட்டு மடக்கியது. வா. வா. வா. ரொம்ப நேரம் கழித்து, அழுது ஓய்ந்து, ஒன்றிரண்டாகச் செய்யத் தொடங்கியது. எண் முப்பத்தெட்டில் நின்றது.

கோதைக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. "இது வேற நாள் தேர்வா இருக்கும்."

"தேதி போட்டிருக்கு. மெஷின் தப்பா எண்ணுதோன்னு நானே உக்காந்து மூணு தடவ எண்ணுனேன். அறிக்கைல ரெண்டு பேரோட மார்க்கும் இடம் மாறியிருக்கு." ஷமீலா திரையை நிறுத்தினாள். "அந்தக் கோடு குரங்கோடது இல்ல மேடம். உங்களோடது."

கோதை எழுந்தாள். எழுந்ததும் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.  

"முதல்லேர்ந்து போடுங்க" என்றாள்.

ஒன்பது வருடத்தில் பழகிய கண் அது. ஒரு தாளை வாங்கிக் கோடு கோடாகப் போட்டு, தன் மையத்தில் எப்படி எண்ணுவாளோ அப்படியே எண்ணினாள். ஒரு வாக்கியத்தில் குழந்தை தொப்பியை எடுத்துப் பொம்மையின் மடியில் போட்டிருந்தது. தலையில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பா அதற்கு மதிப்பெண் கொடுத்திருந்தார். கோதை கொடுத்திருக்கமாட்டாள். ஒருநாளும் கொடுத்ததில்லை.

அவள் கணக்கில் முப்பத்தேழு வந்தது.

பேனா கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவளுக்கு நிமிர முடியவில்லை. ஷமீலாதான் தோளைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

*

அம்மா சௌந்தரம் கூடத்தில் உட்கார்ந்து, அந்த வாரத்து மாத்திரைகளைப் பெட்டியின் கட்டங்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்ற மகளைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"பாத்துட்டியா?" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் கோதைக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. வழி நெடுக, எங்கோ தவறு நடந்திருக்கும், அம்மா ஏதாவது விளக்கம் சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டே வந்தவள் அவள்.

"ஏம்மா மாத்தி எழுதுனாரு?"

"ரெண்டு வயசுல உனக்கு எட்டு வார்த்தகூட வரல. சாப்பாட்டப் பாத்தா பவளம் மாதிரியே முனகுவ. கோவம் வந்தா அது மாதிரியே தரையத் தட்டுவ. குரங்க மனுசனாக்கிக் காட்டுறேன்னு ஆரம்பிச்ச மனுசன், சொந்தப் புள்ளையப் பாத்துப் பயந்துட்டாரு. உலகம் பூராப் படிக்கப்போற அறிக்கை. ஒரு குரங்குக்குக் கீழ எம்மக பேர எழுதக் கை வரலன்னு ராவும் பகலும் உக்காந்திருந்தாரு." சௌந்தரம் ஒரு மாத்திரையை எடுத்து, எந்தக் கட்டம் என்று தெரியாமல் திரும்ப உறையிலேயே போட்டாள். "வரலன்னா எழுதாதீங்க, மாத்தி எழுதுங்கன்னு சொன்னவ நான்தான்."

"பவளம்?"

"மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பிச்சோம். அங்க போயி மூணாவது மாசமே சளி கண்டு செத்துப்போச்சு. காவலாளி சொன்னான், பெரியவங்க யாரையும் அது சட்ட பண்ணாதாம். சின்னப் புள்ளைங்க யாராச்சும் வந்தா மட்டும் கம்பிக்கு அடில கைய விட்டு இப்படி இப்படின்னு பண்ணுமாம்." அவள் விரல்களை மடக்கிக் காட்டினாள். "என்ன கேட்டுச்சோ."

அது என்ன கேட்டது என்று கோதைக்குத் தெரியும். மதியம்தான் அந்தச் சைகைக்கான எழுத்தைத் திரையில் பார்த்திருந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

"அது போனதும் நீ ரெண்டு மாசம் வாயே தெறக்கல. அப்புறம் ஒரே வாரத்துல கொட்ட ஆரம்பிச்சுட்ட. வேற ஆளு இல்லயே, எங்ககூடத்தான பேசியாகணும்."

"என்கிட்ட வர்ற ஒவ்வொரு அம்மாவும் இதத்தாம்மா கெஞ்சுறாங்க. குரங்குக்குக் கீழ எம்பொண்ணு பேர எழுதாதீங்கன்னு. நான் எழுதியிருக்கேன். ஆயிரத்துக்கு மேல."

"தெரியும். அதான் பெட்டியத் தெறந்து குடுத்தேன்" என்றாள் சௌந்தரம். "உன் மொகத்தப் பாத்து வாயால சொல்ல எனக்குத் தைரியம் இல்லடி."

*

ஷமீலா முடிவைக் கோதையிடமே விட்டிருந்தாள். "நீங்க வேணாம்னா கடைசிக் கேசட் கெட்டுப்போச்சுன்னு எழுதிருவேன்" என்றாள். கோதை அடுத்த திங்கட்கிழமையே சென்னைக்குக் கிளம்பிவிட்டாள்.

நிபுணர் குழுவின் தலைவர் சாமுவேல் துரைராஜ், ஓய்வுபெற்ற அதிகாரி. மெல்லப் பேசுகிற, நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். ஏழு பேர் உட்கார்ந்திருந்த அறையில் கோதை கேசட் முழுவதையும் போட்டுக் காட்டினாள். கதவடியில் விரலை விட்ட குழந்தையைப் பார்த்து ஒரு உறுப்பினர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இத நீங்க வெளிய சொல்லணும்னு யாரும் கட்டாயப்படுத்தலயேம்மா" என்றார் துரைராஜ். "அப்பா பேரு போயிரும். உங்க பேரும் போயிரும்."

"முப்பத்தெட்டு எடுத்த குழந்தைதான் சார் இப்ப உங்க முன்னாடி உக்காந்து பேசிட்டிருக்கு" என்றாள் கோதை. "இந்த மார்க்கப் பாத்தா அந்த வயசுல அதுக்குப் புரியலன்னு நெனப்பீங்க. அது நாள் முழுக்கப் பேசிட்டுத்தான் இருந்துச்சு, நம்மகிட்டப் பேசல. அவ்வளவுதான். இந்தத் தேர்வ வச்சு இனி ஒரு குழந்தையையும் ஒதுக்காதீங்க."

 துரைராஜ் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனசு உங்களுக்கு. தவறு திருத்தப்படும்."

செய்தி வெளியானது. பல்கலைக்கழகத்தில் ஆதிமூலம் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். விழா ரத்தானது. கோதையின் குடியிருப்பில் ஒரு வீட்டுப் பையன் அவளைக் கண்டதும் நெஞ்சில் அடித்துக் குரங்குபோல் சத்தம் எழுப்பினான். அதையெல்லாம் அவள் எதிர்பார்த்தே இருந்ததால், பெரிதாக வலிக்கவில்லை. செல்வராணி போன் செய்தபோது அழுகையும் சிரிப்புமாக ஒன்றும் விளங்கவில்லை.

"அப்ப எம்மக தேறிட்டாள்ல மேடம்?"

"கொஞ்சம் பொறுங்க. கவர்ன்மென்ட்லேர்ந்து கடிதம் வரும். உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவேன்."

பல வருடங்களுக்குப் பிறகு அந்த ஐந்து வாரமும் கோதை நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, சுற்றறிக்கை வந்தது. மையத்து மேசையில் நின்றபடியே படித்தாள்.

'மேற்படி ஆய்வில் சிம்பன்சி பெற்ற மதிப்பெண் 38 எனப் பிழையாகப் பதிவானது தெரியவந்துள்ளது. சரியான மதிப்பெண் 61 ஆகும். எனவே சட்டத்தின் நான்காம் பிரிவின்படி எல்லைக்கோடு 61 எனத் திருத்தப்படுகிறது. கடந்த மூன்றாண்டுகளில் 38 முதல் 60 வரை பெற்ற குழந்தைகள் அனைவரையும் உடனடியாக மறு அளவீடு செய்து, உரியவர்களைத் தனிப் பிரிவுக்கு மாற்ற வேண்டும்.'

அவள் இரண்டாவது தடவை படித்தாள். எண்கள் மாறவில்லை. மூன்றாவது தடவை படிக்கும்போது எழுத்துகள் கண்ணில் நிற்காமல் ஓடின. துரைராஜுக்குப் போன் போட்டாள். நாலு முறை அடித்த பிறகுதான் எடுத்தார்.

"சார், என்ன சார் இது? கோட்டையே எடுக்கணும்னுதான நான் வந்தேன்?"

"நானும் சொல்லிப் பாத்தேம்மா." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "சட்டத்துல 'குரங்கு எட்டிய அளவு'ன்னுதான் இருக்கு. எத்தனைன்னு அதுல போடல. நீங்க வந்து அந்த அளவு தப்புன்னு நிரூபிச்சுட்டீங்க. சரியான அளவையும் நீங்களே குடுத்துட்டீங்க. சட்டத்துறை அதப் பிடிச்சுக்கிட்டாங்க."

"பத்துக்கு ஒன்பது குழந்தை விழும் சார்."

"தெரியும்" என்றார்.  பிறகு, "இன்னொரு லைன்ல கூப்பிடுறாங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

வெளியே கூடம் நிரம்பிக்கொண்டிருந்தது. நேற்றே எல்லோருக்கும் தகவல் போயிருக்கிறது. ஏற்கெனவே தேறி, பால்வாடிக்குப் போய் அ, ஆ எழுதக் கற்றுக்கொண்டிருந்த குழந்தைகள். மூன்று வயதும் நாலு வயதுமாக, அதே தேர்வுக்கு மறுபடி இழுத்து வரப்பட்டிருந்தார்கள். ஒரு தகப்பன் தன் மகளிடம் சொல்லிச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருந்தான்: "கரண்டி எங்க வைக்கணும்? தலகாணிக்கு அடில. எங்க?" குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது.

உதவியாளர் பாண்டியம்மா முதல் பெயரைக் கூப்பிட்டாள். தோளில் தூங்கிய குழந்தையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். எழுப்பினாள், எழவில்லை. கன்னத்தைத் தட்டினாள். காய்ச்சல் மருந்து கொடுத்திருப்பதாகச் சொன்னாள். 

"விடுங்க, தூங்கட்டும்" என்றாள் கோதை.

"இல்ல மேடம், எழுப்பிருவேன். ஒரு நிமிசம்."

"வேணாம்னா."

கோதை படிவத்தைத் திருப்பிப் போட்டாள். மதிப்பெண் கட்டத்தின் மேல் பேனா நின்றது. பிடிபட்டால் வேலை போகும், வழக்கும் வரும்.  அறுபத்திரண்டு என்று எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. அதைப் பார்த்துத் தானே திடுக்கிட்டாள். பிறகு கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினாள்.

அந்தப் பெண் தாளைப் பார்த்தாள், கோதையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், கேட்டால் பறித்துக்கொள்வார்களோ என்று பயந்தவள்போல, குழந்தையை இறுக்கிக்கொண்டு வேகமாக வெளியே போனாள்.

அடுத்த குழந்தைக்கு அறுபத்தைந்து. வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியவளுக்கு அறுபத்திமூன்று. மீசையைப் பிடித்து இழுத்தவளுக்கு எழுபது. பதினோரு மணிக்குள் கோதையின் எழுத்து நேராகியிருந்தது.

பாண்டியம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். "மேடம், இதுவரைக்கும் இருபத்திமூணு பேரு. ஒருத்தருகூட விழல. மேலருந்து கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க" என்றாள் கோதை. "அதுக்குள்ள எத்தன பேரு முடியுமோ அத்தன பேரையும் முடிச்சிரணும். அடுத்தவங்கள சீக்கிரம் கூப்பிடு பாண்டியம்மா."